முதல் நெடுஞ்சவாரிக்கு ஒரு தோல் சீற்: புரூக்ஸ் பி17

கடந்த பெப்ரவரியின் கடைசிக் கிழமையில் என் சைக்கிளோடு வந்த சீற்றைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 தோல் சீற்றைப் பூட்டினேன். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் அதே சீற்றில் இருந்தபடி, லண்டன் கிளாப்பம் கொமனில் தொடங்கிப் பிரைட்டன் கடற்கரையின் மடீரா டிரைவ் வரை 54 மைல், ஏறத்தாழ 87 கிலோமீற்றர், ஓடி முடித்தேன். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்னும் இதய ஆய்வு அறக்கட்டளைக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஓடும் சவாரி அது. நான் ஓடிய முதலாவது நெடுந்தூரச் சவாரியும் அதுவே. இந்த மதிப்புரை அந்தச் சீற்றைப் பற்றியது. ஆயினும் அதைச் சவாரிக்கான ஆயத்தத்திலிருந்து பிரித்து எழுத என்னால் முடியவில்லை. வாங்கிய அன்றே பயன் தரும் பொருள் அன்று இது. வாங்கியபின் மூன்று மாதம் அதன்மேல் இருந்து ஓடி, நம் உடம்புக்கு ஏற்றபடி நாமே செய்து முடிக்க வேண்டிய பொருள்.

என் தகப்பனார் இதய நோயால் காலமானவர். தெற்காசிய வழிவந்தவர்களிடையே இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது இந்நாட்டு வைத்தியர்கள் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. அதை ஆராயும் பணிக்குப் பணம் சேர்ப்பதென்றால் வேறு யாரையும் விட எங்கள் குடும்பத்துக்குக் கடமை உண்டு என்று நினைத்தே பதிவு செய்தேன். ஒன்றுவிட்ட சகோதரர்கள், வேலைத்தலத்து நண்பர்கள், கோயிலில் காணும் மாமிமார் எனப் பலர் ஐந்தும் பத்தும் ஐம்பதுமாகப் பவுண்கள் தந்தார்கள். அப்படி ஒருவர் நம் பெயரில் காசு வைத்துவிட்டால், பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பும் சுதந்திரம் நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. தனியாக ஓடும்போது இருக்குமிடம் நொந்தால் திரும்பி விடலாம். இங்கே அந்த நோவோடுதான் மிச்சத் தூரமும் ஓட வேண்டும்.

எனக்கு நோவு பழக்கத்தின் முதல் கிழமையிலேயே வந்துவிட்டது. என் சைக்கிள் சாதாரணமானது: நேர்க்காண்டில், நடுத்தர ரயர்கள், அலுமினியச் சட்டகம். அதோடு வந்த சீற் அகலமானது, ஜெல் நிரப்பியது, கடையில் விரலால் அமத்திப் பார்த்தபோது தலையணைபோல் இருந்தது. ரிச்மண்ட் பூங்காவை ஒருமுறை சுற்றினால் 10 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். முதலாம் சுற்றில் அந்த மெத்தை சுகமாகவே இருந்தது. இரண்டாம் சுற்றில் தொடையின் உட்பக்கம் உரசத் தொடங்கியது. மூன்றாம் சுற்றின் நடுவில் தொடையிடுக்கில் ஒரு மரமரப்பு ஏற்பட்டது. அதை அலட்சியம் செய்யக்கூடாது என்று உடனே தெரிந்தது. சைக்கிளை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றேன்.

மெத்தென்ற சீற் ஏன் இப்படிச் செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. நாம் சைக்கிளில் இருக்கும்போது உடற்பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள். இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்கின்றன. அங்கே பாரம் விழக்கூடாது. தடித்த ஜெல்லில் எலும்பு முனைகள் இரண்டும் புதைந்து இறங்க, நடுவில் உள்ள ஜெல் மேலெழும்பி, பாரம் விழக்கூடாத இடத்தையே அழுத்துகிறது. அரை மணி நேரம் கடைக்குப் போய் வருபவருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஐந்து ஆறு மணி நேரம் தொடர்ந்து இருப்பவருக்கு உறுதியான, தன் எலும்பின் அகலத்துக்கு ஏற்ற ஆசனமே தேவை. முதன்முறை நெடுந்தூரம் ஓடப்போகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே செய்கிறார்கள். நோகும் என்ற பயத்தில் இன்னும் மெத்தென்ற சீற்றைத் தேடுகிறார்கள், அதன்மேல் ஜெல் உறையும் போடுகிறார்கள்.

எலும்பு முனைகளின் அகலத்தை வீட்டிலேயே அளந்தேன். பொருட்கள் அனுப்பும் பெட்டியின் நெளிவு மட்டையில் ஒரு துண்டை வெட்டி, கடினமான முக்காலியின் மேல் வைத்து, முழங்கால்களைச் சற்று உயர்த்தி, முன்பக்கம் குனிந்து ஒரு நிமிடம் அதில் அமர்ந்தேன். எழும்பிப் பார்த்தால் மட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தபோது 12 சென்ரிமீற்றர் வந்தது. பி17 இன் அகலம் 175 மில்லிமீற்றர். எண்ணைப் பார்த்தால் தாராளமாகத் தெரியும், ஆனால் அந்த அகலம் முழுவதும் இருக்கக்கூடிய இடம் அன்று. பின்பக்க விளிம்பில் தோலின் அடியே இரும்புத் தகடு இருக்கிறது, தோலை அதனோடு பிணைக்கும் ஆணிகளும் அங்கேதான் இருக்கின்றன. எலும்பு அந்த விளிம்பில் படாமல், அதற்கு உள்ளே, தோல் தொங்கும் பகுதியில் விழ வேண்டும். எனக்கு அது சரியாக விழுந்தது. இதைவிட அகலம் குறைந்த வகையும், முன்முனையாகிய மூக்கு நீளம் குறைந்த வகையும், நடுவில் நீள்துளை வெட்டிய வகையும் இதே பெயரின் கீழ் கிடைக்கின்றன. மரமரப்பு ஏற்படுகிறவர்களும், மூக்கு இடைஞ்சலாக உள்ள பெண்களும் கடைசி இரண்டையும் ஒருமுறை இருந்து பார்ப்பது நல்லது. நான் எழுதுவது ஓர் ஆணின் அனுபவம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். பி17 இல் மெத்தையே கிடையாது. கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரே மாட்டுத் தோலை அச்சில் வளைத்து, முன்மூக்கிலும் பின்தகட்டிலும் ஆணிகளால் பிணைத்து, உருக்குக் கம்பிகளின் மேல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தோலின் அடியில் வெறும் வெளிதான். ஆகவே அது தாங்கும் விதம் மெத்தையின் விதம் அன்று. இழுத்துக் கட்டிய ஏணையின் விதம். இங்கிலாந்தின் பேர்மிங்காமுக்கு அருகிலுள்ள சுமெத்விக்கில் உள்ள தொழிற்சாலையில் இதைச் செய்கிறார்கள். ஜோன் பூல்ற்பி புரூக்ஸ் என்பவர் 1866இல் தோற்பொருட்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம் இது. குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்தவர், தன் குதிரை இறந்தபின் இரவல் வாங்கிய சைக்கிளின் கடின ஆசனத்தால் வருந்தி நல்லதொன்றைச் செய்ய முனைந்தார் என்பது நிறுவனத்தார் சொல்லும் கதை. அவருடைய முதலாவது சீற்றுக்கான காப்புரிமை 1882இல் கிடைத்தது. பி17 என்னும் வகை 1890களின் இறுதியிலிருந்து இன்றுவரை பெரிய மாற்றமின்றி வருகிறது. இப்போது நிறுவனம் இத்தாலியர் கையில் இருந்தாலும், தோல் சீற்றுகள் பழைய இடத்திலேயே உருவாகின்றன.

பெட்டியைத் திறந்தபோது எழுந்த மணம் என்னை நேரே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்விட்டது. என் தகப்பனாரிடம் ஒரு றலி சைக்கிள் இருந்தது. அதன் தோல் சீற் நடுவில் தொட்டில்போல் தொங்கி, ஓரங்கள் கறுத்து மினுங்கும். அதன் மூக்கில் தேய்ந்துபோன எழுத்துகள் என்ன என்று சிறுவயதில் நான் கேட்டதில்லை. 1958இல் றலி நிறுவனம் புரூக்ஸையே வாங்கியிருந்தது என்பதை இந்தச் சீற்றைப் பற்றிப் படித்தபோதுதான் அறிந்தேன். எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு முதியவர், ஊரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர், நான் வாசலில் இதைத் திருத்திப் பூட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு நின்றார். தோலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, “தம்பி, இது அந்தக் காலத்து றலிச் சீற்றெல்லோ. இதுக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் பூசிப் போடாதையும், தோல் தொய்ஞ்சு போகும்” என்றார். “எங்கட ஐயா பூசிறவர் அண்ணை” என்றேன். “அதுதான் தொய்ஞ்சது” என்றார் அவர். அவர் சொன்னது சரியே. மெல்லிய எண்ணெய்கள் தோலை மிகையாக இளக்கிவிடும். நிறுவனமே விற்கும் புரூஃபைட் என்னும் மெழுகைச் சிறிதளவு பூசி, ஊறவிட்டு, துணியால் துடைப்பதே முறை.

இந்த இடத்தில் சைவ உணவுக்காரரான வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சீற் மாட்டுத் தோலால் ஆனது. புரூஃபைட்டிலும் மாட்டுக் கொழுப்பும் மீன் எண்ணெயும் சேர்கின்றன. என் தமக்கையார் இதைக் கேட்டதும் வேண்டாம் என்றார், அவருடைய மனத்தை நான் மதிக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு அதே நிறுவனம் கேம்பியம் என்ற பெயரில், வல்கனைஸ் செய்த இறப்பரும் துணியும் கொண்டு செய்யும் சீற்றுகள் உண்டு. அவையும் ஏணைபோல் இழுத்துக் கட்டியவையே. தோலைப்போல உடம்புக்கேற்ப உருவெடுக்காதவை, ஆனால் மழைக்கு அஞ்சாதவை, முதல் நாளிலேயே ஓடக்கூடியவை. தமக்கையின் சைக்கிளில் இப்போது இருப்பது அதுதான்.

சீற்றை வாங்கிய அளவில் பாதி வேலையே முடிகிறது. பூட்டும் விதம் மற்றப் பாதி. முதலில் நான் ஒரு கடையில் கொடுத்துப் பூட்டுவித்தேன். அங்கே இருந்தவர் பிளாஸ்ரிக் சீற்றைப் பூட்டும் பழக்கத்திலேயே இதையும் மூக்குச் சற்றுத் தாழப் பூட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் நான்கு மைலும் நான் முன்னுக்குச் சறுக்கிக்கொண்டே வந்தேன்; சறுக்காமலிருக்கக் கைகளை ஊன்றியதால் உள்ளங்கைகள் இரண்டும் விறைத்துப் போயின. தோல் சீற் நடுவில் இளகித் தாழும் தன்மையுள்ளது, புதுத் தோல் வழுக்கும் தன்மையும் உள்ளது; ஆகையால் மூக்கு ஒரு நூல் உயர்ந்திருக்க வேண்டும். மட்டம் பார்க்கும் கருவியைச் சீற்றின் நீளத்துக்கு வைத்துப் பார்த்தால், பின்விளிம்பும் மூக்கும் ஒரே மட்டத்தில் அல்லது மூக்கு மிகச் சிறிதளவு மேலே இருப்பதே எனக்குச் சரிவந்தது. ஓர் அலன் சாவியோடு மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் இம்மியளவு மாற்றி, ஓடிப் பார்த்து, மறுபடி மாற்றித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன்.

உயரத்தையும் புதிதாக அளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இதன் அடிக்கம்பிக்கும் மேற்றோலுக்கும் இடைப்பட்ட உயரம் சாதாரண சீற்றை விடக் கூடியது. பழைய சீற்றின் அடையாளத்திலேயே சீற்றைத் தாங்கும் பைப்பை விட்டால் நாம் அறியாமலே உயரமாக இருந்துவிடுவோம். அப்போது ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமுமாக ஆடி, தோலோடு உரசிப் புண்ணாக்கும். நான் சுவரோடு சாய்ந்து நின்று, கால்களுக்கிடையில் ஒரு தடித்த புத்தகத்தை மேல்நோக்கி அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து நிலம் வரை அளந்தேன்: 80 சென்ரிமீற்றர். அதை 0.883 ஆல் பெருக்கினால் 70.6 வரும். மிதிகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை அந்த அளவு இருக்க வேண்டும் என்பது சைக்கிள் ஓட்டக்காரரிடையே நெடுநாளாக வழங்கும் கணக்கு. அது ஒரு தொடக்கம் மட்டுமே. குதிக்காலை மிதியில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்ற பழைய சோதனையும் ஏறத்தாழ அதே இடத்தையே காட்டியது. முன்பின் நகர்த்துவதற்கு இதன் கம்பிகளில் இடம் குறைவு. சீற்றை நன்றாகப் பின்னுக்குத் தள்ள வேண்டியவர்கள் பின்புறம் வளைந்த சீற் பைப் ஒன்றையும் வாங்க வேண்டி வரலாம்.

இனி, பழக்குதல். பி17 ஐப் பற்றி இருவிதமாகச் சொல்வார்கள்: முதல் நாளிலேயே சுகம் என்று சிலர், ஆயிரம் மைல் வரை நரகம் என்று சிலர். என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. மார்ச் மாதத்து முதல் இரண்டு கிழமைகளில் அது ஒரு பலகை. ஆனால் அந்த நோவு பழைய மரமரப்பைப் போன்றதன்று. எலும்பு முனைகள் இரண்டிலும், அங்கே மட்டும், அடிபட்டாற்போல ஒரு நோவு. பாரம் சரியான இடத்தில்தான் விழுகிறது என்பதற்கு அது அடையாளம் என்று புரிந்துகொண்டதால் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல் ஓடினேன். வார இறுதியில் ரிச்மண்ட் பூங்காவை இரண்டு சுற்று, பிறகு மூன்று. தூரத்தைக் கிழமைக்குக் கிழமை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டவில்லை. நான்காவது கிழமைதோறும் குறைத்து ஓடினேன். காலும் நெஞ்சும் பழகும் வேகத்திலேயே தோலும் பழகியது என்பதே இந்தச் சீற்றைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய நன்மை. சீற் என்னைப் பொறுமையாக ஓட வைத்தது. பொறுமையாக ஓடியதால் முழங்காலும் பிழைத்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், ஓடிவிட்டு வந்து சைக்கிளைக் கொட்டகையில் சாய்த்தபோது, பின்னேர வெயில் சாய்வாகத் தோலின் மேல் விழுந்தது. பின்பகுதியில், இடமும் வலமுமாக, பெருவிரலால் மெல்ல அமத்தியதைப் போன்ற இரண்டு ஆழமற்ற பள்ளங்கள். வலப்பக்கத்துப் பள்ளம் இடப்பக்கத்தை விட ஒரு நூல் ஆழம். நான் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறேன் என்பதை அதுவரை நான் அறியவில்லை. விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் அங்கே தோல் இளகி, மினுமினுத்து, மற்ற இடம் இன்னும் விறைப்பாகவே இருந்தது. நெளிவு மட்டையில் கண்ட அதே 12 சென்ரிமீற்றர் இப்போது தோலில் இருந்தது. அதுவரை ஓடிய தூரம் என் குறிப்புப் புத்தகத்தின்படி 420 கிலோமீற்றர். அன்றிலிருந்து சீற்றைப் பற்றி நினைக்காமல் ஓடத் தொடங்கினேன்.

மே மாதத்தில் பொக்ஸ் ஹில்லுக்குப் போனேன். 2012 ஒலிம்பிக் வீதிப் போட்டியில் வீரர்கள் திரும்பத் திரும்ப ஏறிய மலை அது. பெரிய சவாரிக்கு மூன்று கிழமைக்கு முன் ஓடிய மிக நீண்ட ஓட்டம் 70 கிலோமீற்றர். முழுத் தூரத்தையும் முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்தில் நான்கு பங்கு ஓடியவருக்கு மீதி அந்த நாளின் உற்சாகத்தில் வந்துவிடும். அந்த 70 கிலோமீற்றரில் இருக்குமிடத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. கழுத்துத்தான் நொந்தது.

மெத்தை வைத்த கட்டைக் களிசான் பற்றி ஒரு வார்த்தை. தோல் சீற்றுக்கு அது தேவையில்லை என்பாரும் உளர். என் முடிவு: மெல்லிய மெத்தை உள்ளது போதும், தடித்தது வேண்டாம், தடித்த மெத்தை போட்டால் பழைய ஜெல் சீற்றின் பிரச்சினை வேறு வழியில் திரும்பி வரும். அதை உள்ளாடையின்றி அணிய வேண்டும் என்பதை எங்கள் ஆட்கள் பலர் கூச்சத்தால் கேட்பதுமில்லை, ஒருவரும் சொல்வதுமில்லை. உள்ளாடையின் தையல்தான் புண்ணை உண்டாக்குகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தோய்க்க வேண்டும். புதுத் தோலின் சாயம் முதல் சில கிழமைகளில் துணியில் ஒட்டும், ஆகவே அப்போது கறுப்பே அணியுங்கள்.

பராமரிப்பு இதன் பலவீனம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நனைந்த தோல் சீற்றின் மேல் ஏறி ஓடினால் அது இழுபட்டு உருக்குலையும். லண்டனில் மழைக்கு நாள் நட்சத்திரம் இல்லையாதலால், சீற்றின் அடியில் ஒரு பிளாஸ்ரிக் பையை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன். தூறல் விழுந்தால் மாட்டிவிட அரை நிமிடம் போதும். மேலிருந்து வரும் மழையை விடப் பின் சில்லு அடியிலிருந்து வாரியிறைக்கும் தண்ணீரே கூடுதலான கேடு, ஏனெனில் தோலின் அடிப்பக்கம் மெருகேற்றப்படாதது. மட்காட் இல்லாத சைக்கிளில் இந்தச் சீற்றைப் போடாதீர்கள். நனைந்துவிட்டால் நிழலில் தானாகக் காய விட வேண்டும், ஹீற்றரின் மேல் வைக்கக்கூடாது. மூக்கின் அடியில் உள்ள நட்டைத் திருகித் தோலை இறுக்கலாம். அதற்கென்று தனி ஸ்பனர் உண்டு. ஆனால் முதல் வருடத்தில் அதைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது, வந்தாலும் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக்கூடாது. இளகுவதை இறுக்கம் குறைவதாக எண்ணித் திருகத் தொடங்குபவர்களே இந்தச் சீற்றைக் கெடுக்கிறார்கள். மற்றொன்று, திருட்டு. லண்டனில் நல்ல சீற்றை மட்டும் கழற்றிக்கொண்டு போவது புதிதன்று. ஒரு பழைய செயின் துண்டைச் சைக்கிள் ரியூப்புக்குள் நுழைத்து, சீற்றின் கம்பியையும் சட்டகத்தையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறேன்.

பாரமும் சொல்லப்பட வேண்டியது. இதன் நிறை 500 கிராமுக்குச் சற்று மேல். ஓட்டப் பந்தயக்காரரின் சீற் இதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். முதல் நெடுஞ்சவாரிக்குப் போகிறவருக்கு அந்தக் கால் கிலோ ஒரு பொருட்டல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஒரு போத்தலில் கொண்டுபோகும் தண்ணீரின் பாதி அது. விலை நூறு பவுணுக்குச் சற்று மேல் என்பதுதான் பலரைத் தயங்க வைக்கும். என்னைக் கேட்டால், அதே பணத்தை மேலும் இலகுவான சில்லுக்கோ, மினுங்கும் மேலாடைக்கோ செலவழிப்பதை விட உடம்பு சைக்கிளைத் தொடும் இந்த ஓர் இடத்தில் செலவழிப்பது பன்மடங்கு பயன் தரும். முறையாகப் பேணினால் பல பத்தாண்டுகள் இருக்கும் பொருள் இது; தகப்பனாரின் சீற் என் வயதை விட மூத்தது.

சவாரி நாளில் கிளாப்பம் கொமனிலிருந்து காலையிலேயே கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். மிட்சம் என்னும் புறநகர் வரை நகரத்து வீதி, அதன்பின் ஏற்ற இறக்கமான நாட்டுப்புறம். ரேர்ணர்ஸ் ஹில், ஆர்டிங்லி, ஹேவர்ட்ஸ் ஹீத் என ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகள் வீதியோரத்தில் நின்று கைதட்டினார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிதிகளில் எழுந்து நின்று சில சுற்று மிதித்து, மறுபடி இருந்தேன். எந்தச் சீற்றானாலும் இரத்தம் ஓட இந்த இடைவெளி வேண்டும். பொக்கற்றில் பனங்கட்டித் துண்டுகளும் பேரீச்சம்பழமும் இருந்தன, அரை மணிக்கு ஒருமுறை ஒன்று.

டிச்லிங் பீக்கன் இந்தச் சவாரியின் பெயர்பெற்ற ஏற்றம். கடைசிப் பகுதியில், கால்கள் ஏற்கெனவே களைத்த பிறகு, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் 140 மீற்றருக்கு மேல் உயர்கிறது வீதி. உச்சி கடல் மட்டத்திலிருந்து 248 மீற்றர். மரங்கள் இருபக்கமும் கவிந்த ஒடுங்கிய பாதையில் பெரும்பாலானோர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஆகச் சிறிய கியரில், சீற்றின் நுனிக்கு நகர்ந்து, காண்டிலின் மேல் குனிந்து மிதித்தேன். பி17 இன் மூக்கு நீளமானது, உறுதியானது. ஜெல் சீற்றில் நுனிக்கு நகர்ந்தால் அது அமிழ்ந்து நம்மைப் பின்னுக்குத் தள்ளும். இதில் நுனியிலும் ஊன்றி இருக்க முடிந்தது, இருந்ததால் மிதிக்குப் பலம் சேர்ந்தது. மூன்றாவது வளைவில் என்னால் முடியவில்லை. இறங்கி இருநூறு மீற்றர் தள்ளினேன். அங்கே என் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்மணியின் முதுகில் அவருடைய கணவரின் படமும் அவர் இறந்த வருடமும் அச்சிட்ட துணி குத்தியிருந்தது. மறுபடி ஏறி உச்சி வரை ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும்.

மடீரா டிரைவில் இறங்கியபோது கால்கள் நடுங்கின, தோள்கள் நொந்தன. இருக்குமிடத்தில் நோவு இல்லை. மறுநாள் வேலைக்குப் போய்க் கதிரையில் எட்டு மணி நேரம் இருந்தேன்.

யாருக்கு இது ஏற்றது அல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். சவாரிக்கு இன்னும் பத்துக் கிழமைக்குக் குறைவாக இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். பழைய சீற்றின் உயரத்தையும் சாய்வையும் திருத்திக்கொண்டு அதிலேயே ஓடுங்கள். மூன்று கிழமை இருக்கும்போது எந்தப் புதுச் சீற்றும் வேண்டாம். காண்டில் சீற்றை விட மிகத் தாழ்ந்திருக்கும் பந்தயச் சைக்கிளில் முன்குனிந்து ஓடுபவர்களுக்கு பி17 அகலமாக இருந்து தொடையை உரசும். நிமிர்ந்து இருந்து ஓடும் சைக்கிள்காரருக்கு இதைவிட அகலமான, சுருள்வில் வைத்த வகைகள் உண்டு. காண்டிலும் சீற்றும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் உள்ள சாதாரண சைக்கிளுக்கே இது அளவெடுத்தாற்போல் பொருந்தும். மழையில் சைக்கிளை வெளியில் விட்டுவைப்பவர்களுக்குக் கேம்பியம்தான் சரி.

வீட்டுக்கு வந்த மறுநாள் பின்னேரம் தோலைத் துடைத்து, புரூஃபைட்டை விரல் நுனியளவு எடுத்துப் பூசி, இரவு முழுதும் ஊறவிட்டேன். மச்சான் வந்து பார்த்தார். அடுத்த வருடம் தானும் ஓடப்போவதாகவும், அதுவரை வேலைக்குப் போய்வர இந்தச் சீற்றை இரவல் தரும்படியும் கேட்டார். இது என் எலும்புக்கு உருவெடுத்த தோல், அவருக்கு இது பொருந்தாது, அவர் ஓடினால் எனக்கும் பொருந்தாமல் போய்விடும் என்று சொல்லி, நெளிவு மட்டையில் ஒரு துண்டை வெட்டி அவரிடம் கொடுத்தேன். அவருக்கு 13 சென்ரிமீற்றர் வந்தது. பெப்ரவரிக்குப் பிந்தாமல் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.